மீனுக்குப் போட்ட மிச்ச மாத்திரை

வில்லாபுரம், மதுரை
சனிக்கிழமை

அன்புள்ள தேவிகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நான் நலம், அம்மா முக்கால் நலம் என்பதே சரி. அந்த ஊர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. எழுத இருப்பவை:

1. மீன்கள் செத்தது.
2. அதற்கும் மற்றதற்கும் குழாய்த் தண்ணீரே காரணம் என்பது.
3. அம்மாவின் விரல்.
4. உனக்கு ஒரு யோசனை.

நீ தையில் வாங்கி வைத்துவிட்டுப் போன ஏழு தங்கமீன்களில் இப்போது இரண்டுதான் மிச்சம். ஆனியில் ஒன்றுக்கு வால் நுனி அழுகி அரிக்கத் தொடங்கியது, மீன்கடை அழகுபாண்டியிடம் கேட்டதற்கு, "ஆன்டிபயாட்டிக் மாத்திரையப் பொடிச்சுப் போடுங்க சார், ரெண்டே நாள்ல துள்ளும்" என்றார். அம்மாவுக்குச் சளிக்காக ஐந்து நாளைக்குக் கொடுத்த மாத்திரையை அவள் மூன்றாம் நாளே நிறுத்தியிருந்தாள், வீணாக்குவானேன் என்று அந்த மிச்சத்தைப் போட்டேன். அதிலும் சின்ன உயிராயிற்றே, அளவு கூடிவிடுமோ என்று பயந்து பாதிதான் போட்டேன். வால் தேறியதும் நிறுத்துவேன், மறுபடி அரித்தால் மறுபடி பாதி. இப்படி நான்கு தடவை, தேதியெல்லாம் நோட்டில் இருக்கிறது. நான்காம் தடவை மருந்து கேட்கவே இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து செத்தன.

குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வந்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் தேங்குவதால் அதில்தான் கிருமி வளர்கிறது என்று முடிவு செய்தேன். காய்ச்சி ஆறவைத்து ஊற்றினேன். "மீனுக்கு வெந்நி காய்ச்சி ஆத்துற மனுசன் எனக்கு ஒரு வாய் காப்பி போட்டுத் தந்திருக்கீங்களா?" என்று அம்மா கேட்டாள். வீட்டில் பேசும் நம் பாஷையில் அவள் சேர்த்துச் சொன்னதைத் தமிழில் எழுத முடியாது.

மீன் தொட்டியைக் கழுவும்போது கண்ணாடி விளிம்பு அவள் கட்டைவிரலைக் கீறிவிட்டது. சர்க்கரை உடம்பு, இரண்டே நாளில் வீங்கிவிட்டது. டாக்டர் பீமாராவ், மீன் தொட்டி என்றதும், அதில் மருந்து ஏதும் போட்டீர்களா என்று என்னைத்தான் கேட்டார். "குழாய்த் தண்ணிதான் சார் சரியில்ல" என்றேன். அவரும் வழக்கமான மாத்திரையை எழுதினார், மீனுக்கு நான் போட்ட அதே மாத்திரை. ஒன்பது நாளாகியும் வீக்கம் வற்றவில்லை. நேற்று சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். எலும்புக்கு இறங்கினால் விரல் நுனியை எடுக்க வேண்டிவரும் என்றார்.

செவ்வாய்க்கிழமை

மேலே உள்ளதை மறுபடி படித்துப் பார்த்தேன். டாக்டர் கேட்டது மருந்தை, நான் சொன்னது தண்ணீரை. முப்பத்தொரு வருஷம் வேதியியல் நடத்தியவன். நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நாந்தான் முழுசாத் திங்கல, அதுகளுக்காச்சும் முழுசாப் போட்டிருக்கலாம்ல" என்றாள்.

இன்று காலை, டாக்டர் முன் எனக்கு வாய் வராது என்று தெரிந்து, மருந்தின் பெயர், அளவு, நான்கு தேதிகள் எல்லாம் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். "இத அன்னைக்கே குடுத்திருந்தா அந்த மாத்திரைய எழுதியே இருக்க மாட்டேன் சார்" என்றார், கோபமில்லாமல். சோதனையிலும் அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்றே வந்திருக்கிறது. இப்போது வேறு ஊசி போடுகிறார்கள். விரல் தப்புமா என்பது வெள்ளிக்கிழமை தெரியும்.

தொண்டை வலித்தால் நீயே மாத்திரை வாங்கிப் போட்டுப் பாதியில் நிறுத்துவாய். இனி டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிடு, சொன்ன நாள்வரை சாப்பிடு. தபாலில் போட்டால் தாமதமாகும், இதைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை போன் செய்ய மறக்காதே, என்னைக் கேட்காதே, நான் குறைத்துச் சொல்வேன், அம்மாவையே கேள். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசிகள்.

உன் அப்பா,
சௌரிராஜன்

பி.கு. பட்டியலில் இரண்டாவதாக எழுதியது தவறு. கீழ்வீட்டு ஜெயபாண்டி இதே தண்ணீரைக் காய்ச்சாமல்தான் தன் மீன்களுக்கு ஊற்றுகிறார், மருந்தே போட்டதில்லை, பதினொன்றும் நன்றாக நீந்துகின்றன. அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், நீ படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தண்ணீரில் கிருமி இருந்திருக்கலாம். அதற்கு மருந்தைப் பழக்கியவன் நான்.