கண்ணாடிப் பெட்டியில் காய்ந்த வாழைப்பழம்

8 மார்ச் 1974, வெள்ளி.

பொங்கல் கழிந்ததும் வாழைத்தார் விலை விழுந்தது. வியாபாரிகள் யாரும் கொற்கைப் பக்கம் போகவில்லை. அப்போதுதான் அந்த ஊரில் வாழை போட்டிருந்த செல்லக்கனி, தோணிகளுக்குச் சாமான் ஏற்றும் என் துறைமுகக் கடைக்கு ஒரு டின் நிறையக் காய்ந்த வாழைப்பழத்தோடு வந்தாள். கம்மலை விற்று, கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி செய்து, அதில் தன் தோட்டத்துப் பழங்களை வெயிலில் உலர்த்தியிருந்தாள்.

“கருவாடு தெரியும். பழத்தையுமா காயப்போடுவாக?” என்று சிரித்துவிட்டேன்.

“ஒரு நடை ஏத்திப் பாருங்க அண்ணாச்சி. கெட்டுப்போச்சுன்னா கடல்ல கொட்டிருங்க.”

அந்த டின்னை ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போன தோணி இன்று காலை திரும்பியது. தோணியின் சமையல்காரன் காலி டின்னோடு கடைக்கு வந்தான்.

“கடைசி நாள் வரைக்கும் தேனா இருந்துச்சு அண்ணாச்சி. இனி எல்லாத் தோணிக்கும் வேணும்னு முதலாளி சொல்லுதாரு.”

சேதியை நானே சொல்ல வேண்டும் என்று மதியமே கொற்கைக்குப் பஸ் ஏறினேன். கேட்டதும் செல்லக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“என் ஒருத்தி தோட்டம் இதுக்குப் பத்தாது. பக்கத்துத் தோட்டத்துக்காரிகளுக்கும் இந்தப் பெட்டிய செய்யச் சொல்லிக்குடுக்கட்டுமா அண்ணாச்சி?”

நானாக இருந்தால் யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டேன்.