தாழ்வான சீட்டு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

என் மனைவி ரஹீமா இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து ஒரு வாரம்தான். இன்று காரை விற்றுவிட்டேன்.

வாங்கியவர் உளுந்தூர்பேட்டைக்காரர். வாதத்தில் ஒரு பக்கம் வராமல் போன மனைவியையும் அழைத்து வந்திருந்தார்.

"ரொம்பத் தாழ்வா இருக்குதே பாய், கல்வராயன் மலை ரோட்டுல அடி தட்டாதா?" என்றார்.

பதினோரு வருடம் ஏறி இறங்கிய ஜப்பான் கார், ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை என்றேன். அந்தத் தாழ்வுக்காகவே வாங்கினேன் என்று சொல்லவில்லை. உயரமான வண்டி எதிலும் நடக்க முடியாத ரஹீமாவை என்னால் ஏற்ற முடிந்ததில்லை.

அந்த அம்மாவுக்குக் கால் உள்ளே வரவில்லை. கணவர் தோளைப் பிடித்து இழுத்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. கதவிலிருந்த பழைய ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையை எடுத்து சீட்டில் விரித்தேன். தலை இடிக்காமல் மேலே கை வைத்துக்கொண்டேன். பைமேல் உட்கார்ந்ததும் வழுக்கிக்கொண்டு சுலபமாகத் திரும்பிவிட்டார்.

"யாரு பாய் இத சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எங்க வூட்டுல."

"அவுங்க இனிமே எந்த வண்டில போவாங்க?"

அந்த அம்மாவின் விரல் கதவிடுக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.