பால் கறக்கும் பெண்ணின் படம்

ஹானோவர்,
21 நவம்பர் 1965.

அன்புள்ள மல்லிகா,

நீயும் அப்பாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு நாள் கடிதம் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

இங்கே மியூசியத்தில் ஒரு மாட்டுப் படம் இருப்பதாக எழுதியிருந்தேனே. முந்நூறு வருஷத்துக்கு முன் ஹாலந்துக்காரர் ஒருவர் வரைந்தது. ஆற்றங்கரையில் சாயங்கால வெயில், ஐந்தாறு மாடுகள். ஒரு பெண் பால் கறக்கிறாள். மேய்ப்பவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறான். மாடு நிற்கிற விதத்தைப் பார்த்தே அதன் உடம்பு நிலையைச் சொல்லப் பழக வேண்டும், இந்த ஓவியர்களைப் போல மாட்டைப் பார்த்தவர்கள் கிடையாது என்று எங்கள் கால்நடை வைத்தியக் காலேஜ் புரொபசர்தான் அனுப்பிவைத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் முன்னால் போய் நிற்பேன். வீட்டு நினைப்பு கொஞ்சம் அடங்கும்.

போன மாதக் கடைசியில் பக்கத்துக் கிராமத்துக்குப் புரொபசர் எங்களை அழைத்துப் போனார். பிராண்டஸ் என்று ஒரு விதவை அம்மாள் தனியாகப் பண்ணை நடத்துகிறாள். சாதாரணப் பரிசோதனைதான். கடைசியில் நின்ற பசு காலை மாற்றி மாற்றி வைத்தது என் கண்ணில் பட்டது. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கில் கொப்புளம். கோமாரி.

நம் ஊரில் வாயைக் கழுவி, புண்ணுக்கு மருந்து போட்டு, கஞ்சி ஊற்றினால் பெரிய மாடுகள் பெரும்பாலும் தேறிவிடும். இங்கே மற்ற பண்ணைகளுக்குப் பரவாமலிருக்க மந்தையையே கொன்றுவிட வேண்டும். மாடுகளை ஏற்றிப் போக மறுநாள் லாரி வரும் என்றார்கள்.

லாரி வரத் தாமதமாயிற்று. மடி கனத்து மாடுகள் கத்தத் தொடங்கின. அந்தப் பால் யாருக்கும் ஆகாது. ஆனாலும் அந்த அம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாகப் போகிற மாடு வலியோடு நிற்க வேண்டாம் என்றாள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கறந்தாள். வாளியை வாங்கிக் குழியில் கொட்டியது நான்தான்.

எல்லாம் முடிந்தபின் என்னிடம் வந்து, நீங்கள் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் அவை என்னோடு இருந்திருக்கும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. போட்டிருந்த துணிகளை அங்கேயே எரித்துவிட்டார்கள். நீ பின்னிய நீல ஸ்வெட்டரும் போயிற்று.

போன ஞாயிறு மியூசியத்துக்குப் போனேன். அந்தப் பெண் கறந்துகொண்டேயிருக்கிறாள். தூங்குகிறவனை உலுக்கி எழுப்ப வேண்டும் போலிருந்தது. நிற்க முடியவில்லை. வெளியே வந்து, டிராமில்கூட ஏறாமல், மழையிலேயே நடந்தேன்.

நேற்று புரொபசர் கூப்பிட்டார். சுற்றுவட்டாரப் பண்ணைகள் தப்பியது என்னால்தான் என்றார். இன்னொரு கிராமத்தில் சந்தேகமாம். விருப்பமில்லாவிட்டால் நான் காலேஜிலேயே இருந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தும் விளங்கவில்லை. நாளைக் காலை கிளம்புகிறேன்.

அப்பா கேட்டால், உங்கள் பிள்ளை மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறான் என்று மட்டும் சொல். அது பொய்யில்லை என்று உனக்குத் தோன்றினால், எனக்கும் அதை ஒரு வரி எழுது.

உன்,
பார்த்தசாரதி