வந்து சேர்ந்த மூன்றாவது பேட்ச்

அன்பு மச்சான் ஆரோக்கியம்,

நீ போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாள் உனக்கு எழுதக் கை வரவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும். உன் மூன்றாவது பேட்ச் கிடைத்துவிட்டது.

போன மாதம் லூர்து என் செம்மண்டலம் வீட்டுக்கு வந்திருந்தாள். இணையத்தில் உன் பேரைத் தேடியிருக்கிறாள். முதலில் வந்து நின்றது நான் உன்னைத் திட்டிய மடல். "அவுரு எதையாவது பாதியில வுடுற ஆளாண்ணா?" என்றாள். கேட்டது என் தங்கை, உன் மனைவி.

நம் தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதலாம். பேட்ச் என்று நாம் சொல்லும் அந்தத் திருத்தங்கள் குழுமத்துக்கு மடலில் வரும். பார்த்து மென்பொருளில் சேர்ப்பது என் வேலை. ஒரே வேலைக்கான பேட்ச்கள் எண் போட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும் என்று சட்டம் போட்டவனும் நான்தான். சிதம்பரத்தில் வேலை முடிந்ததும் அங்கேயே ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து நீ அனுப்பினாய். மூன்றில் இரண்டுதான் என் கண்ணில் பட்டது. அவசரக்குடுக்கை நான், அவற்றை மட்டும் சேர்த்துவிட்டேன். மென்பொருள் திறந்ததுமே மூடிக்கொண்டது. 'அரைகுறை வேலையை இனி அனுப்பாதே' என்று எல்லோரும் படிக்க எழுதி, இரண்டையும் தூக்கிவிட்டேன்.

நீ போன் செய்தாய்.

"மூணாவதும் அனுப்பிட்டேன் மச்சான். நல்லா பாரு, அது வேற..."

"வரலடா. கதை வுடாத."

வைத்துவிட்டேன். நான்காம் நாள் சிதம்பரம் ரோட்டில் விபத்து என்று தகவல் வந்தது.

லூர்து கேட்ட பிறகு ஒரு சின்ன நிரல் எழுதினேன். அது தலைப்பையும் எண்ணையும் பார்க்காது. எந்தக் கோப்பில் எந்த வரிகளைத் தொடுகிறது என்று பார்த்து, தொடர்புள்ள பேட்ச்களை ஒன்றுசேர்க்கும். பழைய மடல்களை அதனிடம் கொடுத்தேன். உன் இரண்டுக்கும் கீழே, யாரோ ஒருவர் முகவரியிலிருந்து மூன்றாவதாக ஒரு மடல். தெரியாத பேர் என்று அன்று நான் திறக்கவே இல்லை.

"கரண்ட் போய்ட்டு வந்துச்சு, என் மெயில் தொறக்கல. சென்டர்காரர் மெயில்லேருந்து அனுப்புறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. மூணாவது இதான் மச்சான்."

அழுதேன். பிறகு மூன்றையும் சேர்த்தேன். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை, ஓடியது. எழுதியவர் என்று மூன்றிலும் உன் பேர்தான் இருக்கிறது. தவறு என்னுடையது என்று, திட்டிய அதே மடலுக்குக் கீழே எழுதினேன்.

லூர்துவுக்குக் காட்டினேன். என் மன்னிப்பை அவள் பார்க்கவே இல்லை. உன் நாலு வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

"பஸ்ஸ புடிச்சிட்டாருண்ணா. அன்னிக்கு வரும்போது ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை வாங்கியாந்தாரு" என்றாள்.

இனி யார் பேசினாலும், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நான் போனை வைக்க மாட்டேன் மச்சான்.

உன் பேச்சை நடுவில் வெட்டிய
உன் மச்சான்,
சேவியர்