அசைய இடம் வேண்டும்

செவ்வாய், இரவு

என் ஆய்வை மேற்பார்வை செய்யும் பேராசிரியரிடம், எங்கள் சேரிடம், இன்று முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒளி பட்டால் வளைந்து, பிறகு நிமிரும் மூலக்கூறுகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைப்பதுதான் என் வேலை. ஒட்டவைத்துவிட்டேன். எத்தனை தரம் கழுவினாலும் போகவில்லை. ஆனால் இன்று ஒளியைப் பாய்ச்சியபோது ஒன்றுகூட அசையவில்லை. கரைசலில் இருந்தபோது நன்றாக அசைந்தவைதான்.

சேர் தகட்டை மேசையில் வைத்தார். "நஸ்ரின், இது சரிவராது. கிணத்துத் தண்ணிய ஆய்வு செய்ங்க. உங்கட கலியாணத்துக்கு முந்தி முடிச்சிரலாம்."

அந்தக் கடைசிப் பேச்சுத்தான் சுட்டது.

"இல்ல சேர். அதுகள் பழுதாகல்ல. நான்தான் நெருக்கி ஒட்டிப்போட்டன், அசைய இடமில்ல. இடையில கட்டையான, நீளம் குறைஞ்ச மூலக்கூறுகளக் கலந்து ஒட்டினா அசையும்."

"அசையாட்டி?"

"அப்பயும் கிணத்துக்குப் போகமாட்டன் சேர்."

அவர் சிரிக்கவில்லை. ஆய்வுகூடச் சாவியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

உம்மாவிடம் சொன்னேன். "சேரோட அப்பிடிக் கதைக்கிறயா மகள்?" என்றார்.

ஓம், கதைப்பேன். என் வேலைக்காக நான்தான் கதைக்க வேண்டும். காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஒலுவில் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறுவேன்.