யார் கொடுத்த இதயம்

மார்ச் 6

என் மகளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலமில்லை. உங்கள் நலமறியவும் எனக்கு ஆவலில்லை. என் நம்பரை உங்கள் போனில் தடுத்து வைத்திருப்பதால் பஸ் டிப்போ முகவரிக்குத் தபாலில் எழுதுகிறேன்.

ஜனவரியில் பள்ளிக்கூட நீச்சல் போட்டியில் மகள் கரையேறிய கையோடு சாய்ந்துவிட்டாள். நாடி நின்றுவிட்டது. விளையாட்டு டீச்சர் நெஞ்சை விடாமல் அமுக்கி, ஷாக் கொடுக்கும் மிஷினை வைத்து மீட்டிருக்கிறார். விலா எலும்பு ஒன்று உடைந்தது. கண்ணைத் திறந்ததும், "நான் எத்தனையாவதா வந்தேம்மா?" என்று கேட்டாள். இப்போது தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்துத் தைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை துடிப்பு தாறுமாறானால் அதுவே உள்ளிருந்து அதிர்ச்சி கொடுக்கும்.

பரம்பரையாக வரும் இதயத் தசை நோயாம். என் ரத்தத்தையும் சோதித்தார்கள். என்னிடம் இல்லை. "அப்போ அப்பா வழியாத்தான் வந்திருக்கும். அவர் உடனே வந்து பாக்கணும், அவருக்கு வேற பிள்ளைங்க இருந்தா அவங்களையும் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அதைக் கேட்டதும் எனக்கு மகள் நினைவு வரவில்லை. மகன் நினைவுதான் வந்தது. மழை வருது, மாடியில காயற துணிய எடுத்துட்டு வாடா என்று நான்தான் அனுப்பினேன். ஒன்பது வயதுப் பிள்ளை, கடைசிப் படியில் விழுந்தான். அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, உங்கள் அக்காமார், அண்ணன், அக்கம்பக்கம் எல்லோரும் கேட்க என்ன சொன்னீர்கள்? "நாலு துணிக்காக என் பிள்ளைய முழுங்கிட்டாளே!" அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று தடுத்ததும் நீங்கள்தான். அதே சொல்லைக் காரணம் காட்டித்தான் மறுவருடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

பன்னிரண்டு வருடம் அந்தப் பெயரோடு நான் தெருவில் நடந்திருக்கிறேன்.

வந்து சோதித்துக்கொள்ளுங்கள். பாசத்தில் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
பிள்ளையை முழுங்கினவள்

•

மார்ச் 15

மகளின் அம்மாவுக்கு,

பிள்ளை பிழைத்தது தெய்வாதீனம். அவளுக்கு என் ஆசி.

மற்றபடி, நான் கல்லு மாதிரி இருக்கிறேன். தினமும் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறவனுக்கு என்ன நோய்? ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருவரைப் பிடித்தால் குடும்பத்தையே பிடிப்பார்கள். இந்த வயதில் இதயம் அது இது என்று எழுதிக்கொடுத்தால் மறுநாளே என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதற்குத்தானே ஆசைப்படுகிறாய்?

செத்தவனைத் தோண்டாதே. அன்றைக்கு வயிறெரிந்து ஏதோ சொல்லியிருப்பேன். அப்படியே என் வழியாக வந்தது என்றாலும், நான் தெரிந்தா கொடுத்தேன்?

என் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். சின்னவனுக்கு ஆறு வயது. காலில் சக்கரம் கட்டியவன் மாதிரி நாளெல்லாம் ஓடுகிறான். அவனுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
மகளின் அப்பா

•

மார்ச் 22

உனக்கு,

இனி 'நீங்கள்' கிடையாது. அந்த மரியாதையை உன் கடிதத்தோடு சேர்த்துக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கல்லு மாதிரி இருக்கிறாயா? குடிவந்த புதிதில் பீரோவைத் தூக்கும்போது மயங்கி விழுந்தாயே. முகத்தில் தண்ணீர் தெளித்தது நான். "வெளிய சொல்லாத, மானம் போயிடும்" என்றாய். நானும் சொல்லவில்லை. உன் அப்பா நாற்பத்திரண்டு வயதில் நடுரோட்டில் விழுந்து செத்ததை, பெண் பார்க்க வந்தபோது விபத்து என்றுதானே சொன்னீர்கள்?

டாக்டரம்மா சொன்னதை எழுதுகிறேன், படி. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத் தசைக்குள் கொஞ்சம் கால்சியம் வருமாம். வந்தால் தசை சுருங்கும், அது விலகினால் தளரும். எப்போது இறுகலாம், எப்போது தளரலாம் என்று பார்த்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது, வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி. உன் குடும்பத்தில் அந்தப் புரதத்தின் அமைப்பே பிசகு. துளி கால்சியம் வந்தாலும் தசையை இறுக்கிவிடுகிறது, பிறகு லேசில் விடுவதில்லை. சரியாகத் தளராத இதயத்தில் ரத்தம் சரியாக நிறையாது. சிலருக்குத் தசை தடித்துவிடும், சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. அடங்க வேண்டிய கால்சியம் அடங்காமல் போனால் துடிப்பு தறிகெட்டுப் போகும். ஓடும்போது, நீந்தும்போது, படியேறும்போது.

ஆகவே என் மகன் படியேறினான் என்பது உண்மை. அனுப்பியது நான் என்பதும் உண்மை. அந்த இதயம் உன்னுடையது.

தெரிந்தா கொடுத்தேன் என்று கேட்கிறாய். இல்லைதான். கொடுத்ததற்காக உன்னை நான் தண்டிக்கவில்லை. நீ சொன்ன சொல்லுக்காகத்தான்.

இரண்டு காரியம் செய். ஒன்று, போய்ச் சோதித்துக்கொள். இரண்டு, என் மகன் சாவுக்கு நான் காரணமில்லை என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. செய்தால் வாயைத் திறக்க மாட்டேன். இல்லாவிட்டால் உன் டிப்போ மேனேஜருக்கும் உன் வீட்டுக்காரிக்கும் நானே எழுதுவேன். அறுபது பேரோடு நீ ஸ்டியரிங்கில் சாய்வதை வேடிக்கை பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
மகனைப் பெற்றவள்

•

ஏப்ரல் 30

மகளின் அம்மாவுக்கு,

ஜெயித்துவிட்டாய். எனக்கும் இருக்கிறது. ஸ்கேன் எடுத்த பையன் திரையைப் பார்த்துக்கொண்டே, "இத்தன வருஷம் எப்படி சார் வண்டி ஓட்டினீங்க?" என்றான். பஸ்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். டிப்போவில் தொலைந்த சாமான் வாங்கி வைக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். குடை, பை, ஒற்றைச் செருப்பு. என்னிடம் வண்டி பழகியவன் என் ரூட்டில் ஓட்டிக்கொண்டு போகிறான், ஹாரன் அடித்து வணக்கம் வேறு.

விடத் தெரியாத தசை என்று எழுதியிருந்தாயே, அது உன்னைப் பற்றியது என்றே முதலில் நினைத்தேன்.

நீ கேட்ட தாள் உள்ளே இருக்கிறது. அன்றைக்கு மகனைத் தொட்டுப் பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை. யார் மேலாவது பழி போடாமல் நிற்க முடியவில்லை. நீ பக்கத்தில் நின்றாய்.

சின்னவனை மட்டும் விட்டுவிடு. பெரியவனாகட்டும், பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் முழங்கால் வலி, அதனால்தான் ஜன்னல் வேலை என்று சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்தால் அவள் என்னோடு இருக்க மாட்டாள். வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

என்னை மன்னித்துவிட்டதாக ஒரே ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
மகனின் அப்பா

•

ஜூன் 11

உனக்கு,

பஸ்ஸைப் பிடுங்கினார்கள் என்று படித்தபோது சிரித்தேன். அன்று வயிறார உண்டு நிம்மதியாகத் தூங்கினேன். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

தாளை எடுத்துக்கொண்டு உன் பெரியக்கா வீட்டுக்குப் போனேன். உன் அண்ணன், அண்ணி எல்லோரையும் வரவழைத்து நடுக்கூடத்தில் நின்று படித்தேன். பெரியக்கா, "என்ன இருந்தாலும் இப்படி நிக்க வெச்சுப் படிக்கணுமாடி?" என்றாள். "அன்னைக்கு என்னைய நிக்க வெச்சுத்தானே எல்லாரும் கேட்டீங்க" என்றேன். உன் அண்ணன் மட்டும் வாசல்வரை வந்து, தன் பிள்ளைகளை எந்த டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மெதுவாகக் கேட்டான். எழுதிக் கொடுத்தேன்.

வாக்குத் தவறினேன். உன் வீட்டுக்காரி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு நேரிலேயே போனேன். என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனாள், சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். சண்டைக்குத்தான் போயிருந்தேன். நீ என்னைப் பற்றிச் சொல்லிவைத்ததற்கெல்லாம் சேர்த்து ஒரு நாள் கொடுக்க வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போன வார்த்தைகள் நிறைய இருந்தன. பள்ளி விட்டு வந்த சின்னவன் கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். என் மகனின் காதுகள், அதே மடிப்பு. "பையனுக்கு நெஞ்சு பாக்கணும், சட்டைய மாட்டு, கிளம்பு" என்றேன்.

"அவருக்கு முழங்கால்தானே அக்கா?" என்று கேட்டாள் பாவி.

அவனுக்கும் இருக்கிறது. தசை லேசாகத் தடிக்க ஆரம்பித்திருக்கிறது. மாத்திரை தொடங்கிவிட்டார்கள், பந்தய ஓட்டம் கூடாது என்றார்கள். உன்னைப் பழிவாங்கியதில் அந்த ஒரு நாள் மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவன் இருக்கிறான். தெரிந்துகொண்டு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சின்னவன் என் வீட்டுக்கு வந்தபோது நம் மகள் தன் தழும்பைக் காட்டினாள். "உள்ள பேட்டரி இருக்காக்கா? எனக்கும் வைப்பாங்களா?" என்று வாயைப் பிளந்து கேட்டான்.

சின்னவனும் உன் வீட்டுக்காரியும் அவள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். நான் போகச் சொல்லவில்லை. ஓடுகிற பிள்ளையை ஓடட்டும் என்று விட்டுவைக்கப் பார்த்தாயே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரும்பி வருவாளா என்று என்னிடம் கேட்காதே.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. வராது.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு. பாரம் தூக்காதே, மாடிப்படியில் நின்று நின்று ஏறு. டாக்டரம்மா சொன்னால் உனக்கும் அந்தக் கருவியை வைத்துக்கொள். சீக்கிரம் போய்ச் சேர்ந்து தப்பித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. நான் தூக்கிச் சுமந்த சொல்லை இனி நீ சுமக்க வேண்டும். அதற்கு உனக்கு நீண்ட ஆயுள் வேண்டும். நூறு வயது இரு.

இப்படிக்கு,
அவன் அம்மா