போண்டாவின் உண்மையான நம்பர்கள்

கிடர்பூர், கல்கத்தா – 23
நவம்பர் 14, வெள்ளி

அன்புள்ள வித்யா கண்ணுக்கு,

அத்தை அருக்காணி எழுதிக்கொள்வது. இங்கே உன் பூனை போண்டா சுகம். அதற்கு அடுத்தபடியாக என் பிள்ளை ஜெயபிரகாஷும் நானும் சுகம். இந்த வரிசையில்தான் நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் இதே வரிசையில் சொல்லிவிட்டேன்.

தினமும் காலை ஏழு, மாலை ஏழு என்று போனில் போண்டாவின் சர்க்கரை நம்பர் மட்டும் அனுப்புகிறவள் இப்போது காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைப்பாய். போனில் எழுதினால் இரண்டாவது வரிக்கே நீ பதில் போட்டுவிடுவாய். அதன் பிறகு மூன்றாவது வரியை எழுத எனக்குத் தைரியம் இருக்காது. நீ கல்கத்தாவிலேயே வளர்ந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதற்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். தடுக்கினாலும் பரவாயில்லை, மெதுவாக நீயே படி. பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. கூரியரில் கூடவே ஒரு நீல நோட்டு வருகிறது. இந்தக் கடிதத்தை முடித்த பிறகு அதைத் திற.

முதலில் சாப்பாட்டு விஷயம். உன் அப்பா வீட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் தயிர்சாதமும் மேரி பிஸ்கட்டும் தின்று வளர்ந்த பூனைக்குச் சர்க்கரை வந்ததும், சாதம், பால், பிஸ்கட் எதுவும் கூடாது, கறியும் மீனும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ ஹைதராபாத் போன ஜூன் மாதம் அந்த உத்தரவை என் தலையில் வைத்துவிட்டுப் போனாய். நான் பட்ட பாட்டை உனக்கு அப்போது முழுதாகச் சொல்லவில்லை. பேட்கி மீன் வாங்கினேன், மோந்து பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவது போலத் தரையைப் பிராண்டினான். ருயி, காத்லா, பார்ஷே, எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. கிடர்பூர் மார்க்கெட் மீன்காரர் மூன்றாம் நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மாஷிமா, நாற்பது வருஷமா இங்க உட்கார்ந்திருக்கேன், மீன் வேண்டாம்னு சொன்ன பூனைய இப்பத்தான் கேள்விப்படறேன், இதுக்குப் பூணூல் போட்டிருக்கீங்களா பாருங்க என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன்னைத்தான் திட்டினேன்.

கடைசியில் வழி கிடைத்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் கால் வலி, நீட்டிக்கொள்ளலாம் என்று தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டேன். போண்டா துரை மெதுவாக வந்து, என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் தட்டில் வாயை வைத்தான். உப்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழி, அதன் மேல் ஒரு ஸ்பூன் மசித்த ஈரல், விரல் பொறுக்கும் சூடு. கிண்ணம் ஆகாது, மீசை இடிக்கிறதாம். எவர்சில்வர் தட்டுதான் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கூட ஒருவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் நகர்ந்துவிடுகிறான். நீ காலையில் லேப்டாப்பும் உப்புமாவுமாக அவன் பக்கத்தில் தரையில் உட்காருவாயே, நாற்காலி இருக்க ஏன் இந்தப் பெண் தரையில் உட்காருகிறாள் என்று நான் குறை சொல்லியிருக்கிறேன். காரணம் இப்போது புரிகிறது.

ரத்தம் எடுப்பதிலும் இப்போது கை தேர்ந்துவிட்டது. நம் வெட்டுத் துணிக் கோடவுனில் வரும் பனியன் துணியில் ரொம்ப மெல்லியதாக ஒன்றை எடுத்து, வெந்நீரில் பிழிந்து காதில் ஒற்றுகிறேன். காது சூடானதும் ஓரத்தில் ஒரு குத்து, பின்பக்கம் பஞ்சை வைத்துப் பிடித்தால் கடுகளவு சொட்டு வந்துவிடுகிறது. மனிதர்களுக்கான சர்க்கரை மெஷின் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், ஆனால் தினமும் அதே மெஷினில் பார்த்தால் போதும், நான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குத்தியதும் ஒரு துண்டு ஈரல் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் மெஷினை எடுத்தாலே தானாக வந்து காதைக் காட்டுகிறான்.

இனிமேல்தான் மூன்றாவது வரி.

செப்டம்பரில் உனக்கு அங்கே வீடு கிடைத்ததும் போண்டாவை விமானத்தில் அனுப்ப ஒரு ஏஜெண்டைப் பிடித்தாய். பதினைந்து நாள் காலை அளவு இருநூற்று ஐம்பதுக்குக் கீழே இருந்தால்தான் பயணத்துக்குச் சான்றிதழ் தருவேன் என்று டாக்டர் சொன்னார். நான் உனக்கு முன்னூற்றுப் பத்து, இருநூற்றுத் தொண்ணூறு, முன்னூற்று நாற்பது என்று அனுப்பினேன். பூஜைக் கொட்டுச் சத்தத்தில் பயந்து ஏறியிருக்கிறது என்று காரணமும் எழுதினேன். அத்தனையும் பொய் கண்ணு. ஈரல் வழி பிடிபட்ட நாளிலிருந்து அவன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. நான் முன்னூற்றுப் பத்து என்று எழுதிய அன்று மெஷின் காட்டியது நூற்று எழுபத்திரண்டு. முப்பத்து மூன்று நாள் இப்படிச் செய்தேன். உண்மையான நம்பர்கள் எல்லாம் அந்த நீல நோட்டில் இருக்கின்றன. நீ ஒரு நாள்கூட மெஷினைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லவில்லை.

திருப்பூர் வெட்டுத் துணியை வாங்கி, கார்டன் ரீச் கப்பல் பட்டறைகளுக்கு எஞ்சின் துடைக்க விற்றுத்தான் உன் மாமனார் போன பிறகு ஜெயபிரகாஷை வளர்த்தேன். அந்த வியாபாரத்தில் ஒரு துணிப் பேலில்கூடத் தண்ணீர் தெளித்து எடை ஏற்றியவள் இல்லை நான். பூனை நம்பரில் ஏற்றினேன்.

ஏன் என்று கேட்பாய். நீ பெட்டியோடு லிஃப்டில் ஏறிய அன்று நான் ஒரு வார்த்தை சொன்னேன், போகிறவள் பூனையை மட்டும் எதற்கு விட்டுவிட்டுப் போகிறாள் என்று. அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசியது பூனையைப் பற்றி மட்டும்தான். காலையில் நம்பர் அனுப்பினால், சாப்பிட்டானா அத்தை என்று கேட்பாய். மாலையில் அனுப்பினால், சரி அத்தை, நீங்களும் தூங்குங்கள் என்பாய். அந்த இரண்டு வரிக்காகத்தான். பூனை விமானம் ஏறிவிட்டால் எனக்கு யார் அதை எழுதுவார்கள்? நான் எழுதினாலும் எதைப் பற்றி எழுதுவது?

இதனால் என்ன நடந்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். லட்சுமி பூஜைக்கு மறுநாள் போண்டாவுக்கு உடம்பு கொஞ்சம் சோர்வு, டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம் என்று எழுதினேனே, அது சோர்வு இல்லை. என் பொய் நம்பர்களை நீ டாக்டரிடம் சொன்னாய். அவர் இன்சுலின் ஊசியை இரண்டு யூனிட்டிலிருந்து மூன்றாக்கச் சொன்னார். எனக்கு நீ எழுதினாய். நான் பேசாமல் இரண்டே போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அத்தை மறந்தாலும் மறக்கலாம் என்று நீ ஜெயபிரகாஷுக்கும் எழுதியிருக்கிறாய். நாலு மாதத்தில் நீ அவனுக்கு எழுதிய முதல் செய்தி அது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு மணிக்கு எழுப்பினாலும் புரண்டு படுக்கிறவன் ஆறு மணிக்கே எழுந்து, நான் குளித்துவிட்டு வருவதற்குள், அளவு பார்க்காமல், பூனை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், மூன்று யூனிட்டைப் போட்டுவிட்டான். அவன் அப்பா ஊசி போட்டுக்கொண்டுதான் தட்டின் முன் உட்காருவார், அதைப் பார்த்து வளர்ந்தவன். அம்மா, வித்யா சொன்னபடி போட்டுட்டேன், அவகிட்ட சொல்லிடு என்று சிரித்த முகமாக வந்து நின்றான்.

அன்றைக்கென்று போண்டா தட்டைத் தொடவில்லை. எட்டரைக்குப் பார்த்தால் தையல் மெஷினுக்கு அடியில் கால் பின்னிக்கொண்டு எழ முடியாமல் கிடந்தான். மெஷின் முப்பத்தெட்டு காட்டியது. தேனை விரலில் எடுத்து ஈறில் தடவிக்கொண்டே டாக்ஸியில் போனோம். பாலத்தில் லாரி வரிசை நகரவில்லை. ஜெயபிரகாஷ் கதவைத் திறந்து இறங்கி, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். நாற்பத்தொரு வயதுக்காரன், செருப்புக்கூடப் போடவில்லை. சாயந்தரம் வரை சலைன் ஏறியது. கொன்னுட்டேனே, அவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். சாயந்தரம் வரை நான் வாயைத் திறக்கவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்தும் அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய் நம்பரைவிட அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது டாக்ஸியில் சொல்லிவிட்டேன். அவன் கத்தவில்லை. நாலாம் நாள் காலை பனியன் துணியை வெந்நீரில் பிழிந்துகொண்டு உட்கார்ந்தான், எப்படி குத்தணும்னு காட்டு என்றான். அன்றிலிருந்து இரண்டு வேளையும் அவன்தான் பார்க்கிறான். டாக்டர் சொன்னபடி ஒரு நாள் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தோம். இப்போது ஒரு யூனிட்தான். நான் அதன் பிறகு அனுப்பியது எல்லாம் சரியான நம்பர்கள். மூன்று யூனிட் நன்றாக வேலை செய்கிறது என்று நீ சந்தோஷப்பட்டாயே, அதைத் திருத்தத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. இப்படியே போனால் ஊசி இல்லாமலும் ஒரு காலம் வரலாம், ஆனால் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார் டாக்டர். என்னைத் திட்டியும் தீர்த்துவிட்டார். வித்யாவுக்கு எல்லாம் தெரிந்த பிறகுதான் சான்றிதழில் கையெழுத்து, நீங்களே சொல்லுங்கள் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

இன்னொன்று. நீங்கள் தனிக்குடித்தனம் போக நியூ டவுனில் பார்த்த வீட்டைப் பேசி முடிக்கப் போக வேண்டிய அன்று, லாரி வந்திருக்கிறது என்று ஜெயபிரகாஷைக் கோடவுனில் நிறுத்தியது நான்தான். லாரி மறுநாள்தான் வந்தது. அவன் வேண்டுமென்றே வரவில்லை என்று நீ நினைத்தாய், அவனும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உனக்கு நியாயமாகப் பட்டது உனக்குக் கிடைத்திருக்க வேண்டும். நான்தான் குறுக்கே நின்றேன்.

போண்டாவை உன்னிடம் அனுப்பிவிடுகிறேன். விமானத்தில் சரக்கோடு சரக்காக வேண்டாம், ஏஜெண்டிடம் சொல்லிவிடு. அவர் ஏற்றி உன் கையில் சேர்ப்பதற்குள் இரண்டு வேளை சாப்பாடும் ஊசியும் இருக்கிறது, அது தெரிந்த கை கூட வர வேண்டும். நீ சரி என்று டாக்டருக்கு ஒரு வார்த்தை சொன்னால், ஹவுராவிலிருந்து ரயிலில் முதல் வகுப்பில் தனி அறையாகப் பதிவு செய்து, ஜெயபிரகாஷே கூட்டிக்கொண்டு வருவான். வராதே என்று நீ சொன்னால் ஸ்டேஷனில் கூடையைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவான். அப்படித்தான் அவனிடமும் சொல்லியிருக்கிறேன். போண்டாவுக்கு உடம்பு மோசம், உடனே வா என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீ அன்றே விமானம் ஏறியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை. அவன் நன்றாக இருக்கிறான். அதனால்தான் அனுப்ப முடிகிறது.

கோபம் ஆறும் வரை எனக்குப் பதில் போட வேண்டாம். ஆனால் நீ தினமும் வேளைக்குச் சாப்பிடு. பூனைக்காகவாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு சாமி, உன் கையும் மனசும் குளிர்ந்து இரு. மகள் பெறாதவள் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை,
அருக்காணி

பி.கு: போண்டாவின் வரிசையை மறக்காதே. முதலில் தட்டு வைத்து, கூட உட்கார்ந்து, பாதியாவது சாப்பிட்டானா என்று பார்த்த பிறகுதான் ஊசி. கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறவனுக்கும் அதே வரிசைதான் கண்ணு. குத்த வேண்டியதை எல்லாம் நன்றாகக் குத்து, நான் கேட்க மாட்டேன். முதலில் ஒரு வாய் சாப்பிடச் சொல்.